ஐந்து டாலர் வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபுகாஸி என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் படித்துவிட்டு அவர்களைத் தேடிக் கேட்டேன். 'ரிப்பீட்டர்' ஆல்பத்தை இரண்டு முறை ஓட்டியும் பிடி கிடைக்கவில்லை. இரண்டு பேர் மாறிமாறிக் கத்துகிறார்கள், கிடார் கீறுகிறது, அவ்வளவுதான் காதில் விழுகிறது. இசையைவிட அவர்களைப் பற்றிய கதைகள்தான் ஈர்க்கின்றன. 5 டாலர் டிக்கெட், டீ-ஷர்ட் விற்பதில்லை, மேனேஜர் கிடையாது, பாடகர் மெக்கே பாடல் வரிசையே இல்லாமல் மேடையேறுவார் என்றெல்லாம் படித்தேன். நானும் மூன்று நண்பர்களும் ஒரு ராக் குழு வைத்திருக்கிறோம். இதில் பாதியையாவது நாமும் செய்யலாமே என்றேன். "அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வீம்பு, நமக்குக் கட்டுப்படியாகாது" என்று எங்கள் டிரம்மர் ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

5 டாலரில் அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியானது? பாடல் வரிசை இல்லாமல் நான்கு பேர் எப்படிச் சேர்ந்து வாசிக்க முடியும்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதில் கேட்டீர்கள் என்று எழுதவில்லையே. ஃபோன் ஸ்பீக்கரில் என்றால் உங்களுக்குக் கிடைத்தது பாதி ஃபுகாஸிதான். பாஸ் கிடாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் வெளியே வராது. பல ராக் குழுக்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அங்கே பாஸ் கிடாருக்குப் பின்னால் நிழல்போல வரும். ஃபுகாஸியில் பாட்டைச் சுமந்து நடப்பதே ஜோ லாலியின் பாஸ்தான். அதை எடுத்துவிட்டால் நீங்கள் சொன்னதுதான் மிஞ்சும்: கத்தலும் கீறலும்.

ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் முரட்டுத்தனமும் ஜமைக்காவின் ரெகே இசையும் ஒன்றாகக் கலந்த ஒன்றைத்தான் இயன் மெக்காய் தொடக்கத்தில் தேடினார். (மெக்கே என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள், மெக்காய் என்பதே உச்சரிப்பு.) ரெகேயில் மெட்டைச் சொல்வது பாஸ். கிடார் இடையிடையே வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'வெயிட்டிங் ரூம்' பாட்டின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாஸ் தனியாகக் கிளம்புகிறது, டிரம்ஸும் கிடாரும் வந்து சேர்கின்றன, 20 வினாடி தாண்டியதும் எல்லாம் ஒரே கணத்தில் நின்றுபோகிறது. சுமார் 4 வினாடி மௌனம். பிறகு விட்ட இடத்திலேயே அதே வேகத்தில் தொடர்கிறது. பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் நிறுத்துகிற துணிச்சல் அப்போதைய ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் அதிவேக வகை) குழுக்களிடம் அபூர்வம். அவர்களுக்கு நிறுத்தம் என்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று பொருள்.

அந்த ஹார்ட்கோரிலிருந்துதான் இவர்களும் வந்தார்கள். வாஷிங்டன் டி.சி.யில் மெக்காய் முதலில் டீன் ஐடில்ஸில் பாஸ் வாசித்தார், பிறகு மைனர் த்ரெட்டில் பாடினார். ஃபுகாஸியின் இன்னொரு பாடகர் கய் பிச்சோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். ஃபுகாஸியின் முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று டி.சி.யின் வில்சன் சென்டரில் நடந்தது. பிச்சோட்டோ அப்போது குழுவில் இல்லை. பின்னால் சேர்ந்தபோதும் அவர் கையில் கிடார் கிடையாது, பாடுவதும் ஆடுவதும் மட்டுமே வேலை. ஜெம் கோஹனின் 'இன்ஸ்ட்ருமென்ட்' ஆவணப்படத்தில் 1988-ஆம் ஆண்டு பிலடெல்பியாக் கச்சேரி ஒன்று வருகிறது. பிச்சோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் உடலை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கியபடி பாடுகிறார். கிடார் இல்லாதவருக்கு உடம்புதான் வாத்தியம். 'ரிப்பீட்டர்' காலத்தில் அவர் முழுதாகக் கிடாரை எடுத்த பிறகே குழுவின் நிரந்தர ஓசை உருவானது. மெக்காயின் கிப்சன் எஸ்ஜி கிடார் தடிப்பாகக் கீழே அடிக்கும், பிச்சோட்டோவின் ரிக்கன்பேக்கர் மெல்லிசாக மேலே இரையும்.

உங்கள் டிரம்மரிடமிருந்து டிக்கெட் கணக்குக்கு வருகிறேன். அவர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு. இவர்கள் வறுமையில் பிறந்தவர்கள் அல்ல, மெக்காயின் தந்தை பத்திரிகையாளர். ஆனால் வீம்பை வைத்துக்கொண்டு ஆயிரம் கச்சேரி செய்ய முடியாது. 5 டாலரைத் தாங்கிப் பிடித்தது வேறொன்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை. 800 பேர், ஆளுக்கு 5 டாலர், வசூல் 4,000. கூட வாடகை, ஒலிபெருக்கி, காவலர், சுவரொட்டி, காப்பீடு எல்லாம் 1,800 என்றால் மீதி 2,200. அதில் 80 சதம் குழுவுக்கு: 1,760. பெட்ரோல் 100, ஆறு பேர் சாப்பாடு 150, ஒலிப்பதிவாளர், உதவியாளர் இருவருக்கும் 200. படுக்கை தெரிந்தவர் வீட்டுத் தரையில் என்பதால் அதற்குச் செலவில்லை. மிஞ்சும் 1,310-ஐ நான்கால் வகுத்தால் தலைக்கு 327 டாலர். இப்போது அதே கச்சேரியை வழக்கமான முறையில் நடத்துங்கள். ஏஜெண்டுக்கு 10 சதம், மேனேஜருக்கு 15 சதம். இவை குழுவின் செலவு போக மிஞ்சுவதிலிருந்து போவதில்லை, குழுவுக்கு வந்த மொத்தம் 1,760-இலிருந்து போகின்றன, ஆக 440. ஓட்டல் அறை 150, விளக்குக்காரருக்கு 100. தலைக்கு 155 டாலர். டிக்கெட் விலையைத் தொடாமலே வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. விலையை ஏற்றத்தான் வேண்டும் என்கிற நெருக்கடி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஃபுகாஸிக்கு மேனேஜர் இல்லை, அமெரிக்கக் கச்சேரிகளை மெக்காயே தொலைபேசியில் பேசி முடித்தார். நீங்கள் கொள்கை என்று படித்ததில் பெரும்பகுதி இந்தச் செலவுக் கழித்தல்தான்.

ஆனாலும் வாசல் வசூல் மட்டும் அவர்களை வாழவைக்கவில்லை. இசைத்தட்டு வாழவைத்தது. மெக்காய், ஜெஃப் நெல்சன், நேதன் ஸ்ட்ரெஜ்செக் மூவரும் 1980-இல் டீன் ஐடில்ஸின் பாடல்களை வெளியிடத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம். (அரட்டைச் செயலியின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எழுத்துக்கூட்டலும் வேறு.) முதலீடு, அந்தக் குழு கச்சேரிகளில் சேர்த்து வைத்திருந்த பணம். ஏழு அங்குலத் தட்டுக்கு உறை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்தார்கள், விரித்த வடிவத்தைத் தாளில் வரைந்துகொண்டு அச்சடித்தார்கள், பிறகு கத்தரித்து மடித்து ஒட்டினார்கள். அவ்வளவையும் கையால்.

டிஸ்கார்டில் எழுத்து ஒப்பந்தம் இல்லை. செலவு போக வந்ததை லேபிளும் குழுவும் பிரித்துக்கொள்ளும். அஞ்சல் செலவு சேர்த்து இவ்வளவு என்று விலையை உறையிலேயே அச்சிட்டார்கள். அதனால் கடைக்காரர் மேலே ஏற்றி விற்றால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும், நேராக லேபிளுக்கு எழுதி வாங்கிக்கொள்வார். தட்டு விற்ற காசு இடையில் எங்கும் நிற்காமல் பாடியவர்களிடமே வந்ததால், கச்சேரி வாசலில் 5 டாலரோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது. 1993-இல் அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகனே நேரில் வந்து அழைத்தும் இவர்கள் போகவில்லை. போயிருந்தால் அன்றைக்குக் கையில் பெரிய தொகை கிடைத்திருக்கும், இந்த ஏற்பாட்டின் அடித்தூணும் அன்றே உருவப்பட்டிருக்கும்.

ஆகவே உங்கள் குழு வாசல் விலையை மட்டும் நகலெடுத்தால் நிச்சயம் நஷ்டம். தட்டு விற்பனை என்ற தூண் இன்று அநேகமாக இல்லை, ஸ்ட்ரீமிங்கில் வருகிற சில்லறை அந்த எடையைத் தாங்காது. எண்ணும் மாறிவிட்டது. 1990-இன் 5 டாலர் 2024-இல் ஏறத்தாழ 12 டாலர். நகலெடுக்க வேண்டியது கழித்தல் பட்டியலை. உங்களுக்கு வேண்டாத ஆள், விளக்கு, ஓட்டல், கமிஷன் எது என்று முதலில் எழுதுங்கள், அதன்பிறகு டிக்கெட் விலையைப் பேசுங்கள். டிரம்மரிடமும் இதையே சொல்லுங்கள், ஒருவேளை சமாதானமாவார்.

இந்த ஏற்பாட்டில் எங்கெங்கே கோளாறு வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வயதினரையும் உள்ளே விட வேண்டும் என்பது இவர்களின் கட்டாய நிபந்தனை. மது விற்கும் கிளப்புக்கு அது பிடிக்காது, அதன் லாபமே மதுவில். டீன் ஐடில்ஸ் 1980-இல் சான் பிரான்சிஸ்கோ போனபோது, மது தரக்கூடாது என்பதற்கு அடையாளமாக வயது குறைந்தவர்களின் கையில் பெரிய எக்ஸ் குறி போட்டு உள்ளே விடும் வழக்கத்தைப் பார்த்தார்கள். அதை ஊருக்குக் கொண்டுவந்து டி.சி. கிளப்பை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கிளப் மறுத்தால் தேவாலயக் கூடம், பள்ளி உடற்பயிற்சிக் கூடம், சங்கக் கட்டடம் என்று போக வேண்டும். அங்கே இரண்டு தொல்லை. ஒன்று எதிரொலி: மரத்தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடத்தில் வேகமான டிரம்ஸ் கூழாகிவிடும். பாட்டில் இடைவெளி விடுகிற குழு இதில் தப்பித்துக்கொள்ளும் என்பது என் எண்ணம். ஓசைக்கு அடங்க நேரம் கிடைக்கிறதே.

இரண்டாவது மின்சாரம். அமெரிக்கச் சுவர்ப் புள்ளி 120 வோல்ட். சாதாரணமாக ஒரு சர்க்யூட்டுக்கு 15 அல்லது 20 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 1,800 அல்லது 2,400 வாட். நீண்ட நேரம் ஓடுகிற சுமைக்கு அதில் 80 சதம்தான் பாதுகாப்பு. வால்வு ஆம்ப் (கிடாரின் ஓசையைப் பெருக்கும் பெட்டி) தன் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். இரண்டு கிடார் ஆம்ப், ஒரு பாஸ் ஆம்ப், பாடகர்களின் ஒலிபெருக்கி, ஓரமாக யாரோ சொருகிய காபி இயந்திரம் எல்லாம் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் முதல் பாட்டின் உச்சத்தில் ஃபியூஸ் போகும். பயந்துகொண்டு வேறு வேறு சர்க்யூட்டில் பிரித்தால் எர்த் வேறுபாட்டால் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். கச்சேரிக்கு முன்பே கூடத்தின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து எந்தப் புள்ளி எந்தச் சர்க்யூட் என்று குறித்துக்கொள்வதுதான் வழி. ஆம்ப்களும் மிக்ஸரும் முடிந்தவரை ஒரே சர்க்யூட்டில் இருக்கட்டும். விளக்கும் காபியும் வேறெங்காவது போகட்டும்.

இன்னொரு கோளாறு, ஆட்கள். கூட்டத்தில் மோதி விளையாடுகிறவர்கள் அடுத்தவரை அடிக்கத் தொடங்கினால் ஃபுகாஸி பாட்டை நடுவில் நிறுத்திவிடும். மெக்காய் மைக்கில் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார். 'இன்ஸ்ட்ருமென்ட்' படத்தில் பிச்சோட்டோ ஒரு முரடனைப் பார்த்து, நீ ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேனே என்று கேட்டு அவன் வீரத்தை மொத்தமாக இறக்கிவிடுவார். அப்படியும் அடங்காதவரை வெளியே அனுப்பி, 5 டாலர் போட்ட உறையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இதற்கென்றே பணம் போட்ட உறைகள் தயாராக இருக்கும். டிக்கெட் 40 டாலராக இருந்தால் இப்படிக் கொடுத்தனுப்ப மனம் வருமா, சொல்லுங்கள். விலை குறைவு என்பது மேடையிலிருந்து ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது.

டீ-ஷர்ட் விஷயத்தில் தோற்றார்கள். இவர்கள் விற்காததால் கள்ளச் சட்டைக்காரர்கள் புகுந்தார்கள். 'இது ஃபுகாஸி டீ-ஷர்ட் அல்ல' என்று அச்சிட்ட சட்டைதான் மிகப் பிரபலம்.

பாடல் வரிசைக்கு வருகிறேன். பதிவான பாடல்கள் எண்பதைத் தாண்டும். அவ்வளவும் எந்த நாளும் நால்வர் கையிலும் தயாராக இருக்க வேண்டும் என்பது முதல் தேவை. இதற்குக் குறுக்குவழி கிடையாது. மற்றபடி இயக்கம் எளிமையானது. ஒரு பாட்டு முடியும்போது மெக்காயோ பிச்சோட்டோவோ அடுத்ததன் முதல் இரண்டு சுரத்தை வாசிக்கிறார், கேன்டியின் காது அதைப் பிடிக்கிறது, டிரம்ஸ் நுழைகிறது. இது நடக்க ஒவ்வொரு பாட்டின் தொடக்கமும் இரண்டு அடியில் அடையாளம் தெரிய வேண்டும். ஃபுகாஸி பாடல்களின் தொடக்கங்கள் அவ்வளவு கூராக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான்கு கார்டை ஒரே மாதிரி அடித்துக்கொண்டு தொடங்கும் பத்துப் பாட்டு உங்களிடம் இருந்தால் வரிசையில்லாமல் வாசிக்க முயலாதீர்கள், இரண்டு பேர் இரண்டு பாட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வசதி, பாடகர் இருவர் என்பது. ஒருவர் தொண்டை கட்டத் தொடங்கியதும் மற்றவர் தன் பாட்டைத் தொடங்கிவிடலாம். எழுதிய வரிசையில் அந்த நெகிழ்வு இல்லை.

கருவிகளும் இதற்கு ஏற்றபடிதான். மெக்காய் கிடாருக்கும் மார்ஷல் ஆம்புக்கும் நடுவில் பெடல் (காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெட்டி) எதுவும் வைக்கவில்லை. ஆம்பைச் சற்று உறுமும் நிலையில் வைத்துவிட்டு, கிடாரின் வால்யூம் குமிழை 10-இலிருந்து 4-க்கு இறக்கினால் ஓசை தெளிந்துவிடும், ஏற்றினால் மறுபடி உறுமும். வலது உள்ளங்கையைக் கிடாரில் தந்திகள் ஊன்றி நிற்கும் பாலத்தின் ஓரம் தந்திமேல் வைத்தால் அடைத்த ஓசை, எடுத்தால் திறந்த ஓசை. ஆம்பை நெருங்கி நின்றால் அதன் ஓசை கிடாருக்கே திரும்பி ஊளையிடும் ஃபீட்பேக், விலகினால் அது அடங்கும். பாட்டுக்குப் பாட்டு காலால் மிதித்து மாற்ற எதுவுமில்லாததால் எந்தப் பாட்டிலிருந்தும் எந்தப் பாட்டுக்கும் ஒரே மூச்சில் தாவலாம். பழுதாக ஒரு பேட்டரிகூட இல்லை. உங்கள் குழு ஒரு மாதம் பெடல் பலகையை வீட்டில் வைத்துவிட்டுப் பயிற்சி செய்து பார்க்கலாம். முதல் வாரம் அம்மணமாக நிற்பதுபோல இருக்கும். கேன்டியின் டிரம்ஸில் தொங்கும் பெரிய மணியைக் கவனியுங்கள், அலங்காரம் என்று அவர்கள் அனுமதித்தது அதிகபட்சம் அதுதான்.

எதிலிருந்து கேட்பது? '13 சாங்ஸ்'. 1988-இல் வந்த ஏழு பாட்டு இ.பி.யும் (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டு), 1989-இன் ஆறு பாட்டு 'மார்ஜின் வாக்கர்' இ.பி.யும் சேர்ந்த தொகுப்பு அது. 'ரிப்பீட்டர்' (1990) அதன்பிறகு. தயாரிப்பாளர் டெட் நைஸ்லி அப்போது சமையல்கலை படித்துக்கொண்டிருந்ததால் பதிவு காலை 9 முதல் 1 மணி வரைதான். அந்தக் கறாரான அவசரம் ஆல்பத்தில் கேட்கிறது. பதிவான இடம் ஆர்லிங்டனில் டான் ஸியன்டாராவின் இன்னர் இயர் ஸ்டூடியோ. 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' (1991) எனக்கு அரைகுறைதான். தயாரிப்பாளர் இல்லாமல் அவர்களே செய்தார்கள், பாடல்கள் நல்லவை, ஒலி காய்ந்து கிடக்கிறது. யாருடைய வாத்தியத்தையும் யாரும் முன்னே தள்ளத் துணியவில்லை என்று தோன்றும். நால்வரும் சமம் என்ற ஏற்பாடு மிக்ஸிங் மேஜையில் கொடுத்த விலை அது.

அடுத்த ஆல்பத்துக்கு 1992-இல் சிகாகோ போய் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவு செய்தார்கள். ஓரிரு பாட்டுக்கென்று போனவர்கள் உற்சாகத்தில் முழு ஆல்பத்தையும் முடித்துவிட்டார்கள். ஊர் திரும்பிக் கேட்டால் சரியாக இல்லை. அல்பினிக்கும் அப்படியே தோன்றியிருந்தது, ஃபேக்ஸில் எழுதினார். மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு இன்னர் இயரில் நைஸ்லியோடு மறுபடி பதிவு செய்தார்கள். 1993-இல் வந்த அந்த 'இன் ஆன் தி கில் டேக்கர்' அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலுக்குள் நுழைந்தது. ஒதுக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது. வேறொரு நிறுவனத்தின் முன்பணத்தில் பதிவு செய்திருந்தால் வெளியீட்டுத் தேதிக்காக அந்த நாடாக்களே கடைக்கு வந்திருக்கும்.

'ரெட் மெடிசின்' (1995) என் தேர்வு. கத்தல் குறைந்து பாஸுக்கும் மௌனத்துக்கும் இடம் கிடைத்த ஆல்பம் அது. உங்களைப்போல் 'ரிப்பீட்டர்' பிடிபடாதவர்கள் '13 சாங்ஸ்' முடித்துவிட்டு நேராக இதற்குத் தாவலாம். 'எண்ட் ஹிட்ஸ்' (1998) பொறுமை கேட்கும். கடைசி ஆல்பம் 'தி ஆர்க்யூமென்ட்' (2001) மெல்லிசையை அஞ்சாமல் தொட்டது, இரண்டாவது டிரம்ஸும் வருகிறது. 2002 நவம்பரில் லண்டன் கச்சேரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரிந்தோம் என்று அறிவிக்கவில்லை.

நேரலைப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கு மேல் அவர்களின் ஒலிப்பதிவாளர்கள் கேசட்டிலும் பின்னர் டிஜிட்டல் நாடாவிலும் பிடித்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரிலிருந்து டிஸ்கார்ட் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்கிறது. கேட்கும் விலை இங்கேயும் 5 டாலர்தான், விரும்பினால் 1 டாலரிலிருந்து 100 டாலர் வரை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரே சுற்றுப்பயணத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளை வாங்குங்கள். பாடல்களின் பெயரைத் தாளில் இரண்டு பத்தியாக எழுதி, ஒரு பாட்டின் வால் எந்தப் பாட்டின் தலையோடு போய் ஒட்டுகிறது என்று கோடு போட்டு இணையுங்கள். எந்த இணைப்புகள் இரண்டு இரவும் திரும்ப வருகின்றன, எவை அந்த இரவோடு போய்விட்டன என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் டிரம்மரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அந்த இணைப்புகளில் வேலை முழுக்க கேன்டியுடையது.